விலையை யார் மாற்றுவது?

இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில், வேலை பேச வரும் முதலாளிமார் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: பார்க்க எப்படி இருக்கும், எவ்வளவு முடியும். கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. ஏப்ரல் சீசனுக்கு அறை வாடகை ஏறும்போது தளத்தில் இருக்கும் விலையை யார் மாற்றுவது? நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை என்று உடப்புசல்லாவை வரை போகும் வீதியில் எந்தக் கடைத்தெருவில் இறங்கினாலும் தொழில்கள் ஏறத்தாழ ஒன்றுதான்: விதையும் உரமும் விற்கும் கடை, மரக்கறி மொத்த வியாபாரம், வான் வாடகை, ஸ்டூடியோ, டியூட்டரி, நாலைந்து அறையுள்ள தங்குவிடுதி. லீக்ஸும் கரட்டும் நாளுக்கு நாள் விலை மாறும். உரம் மாதத்துக்கு மாறும். அறை வாடகை சீசனுக்கு மாறும். அந்த மாற்றத்தைக் கடைக்காரரே தன் போனை எடுத்துச் சில நிமிடத்தில் செய்துவிட முடியுமென்றால் தளத்துக்குக் கொடுத்த காசு வீணில்லை. யாரையாவது கூப்பிட்டு, நினைவூட்டி, காத்திருந்துதான் செய்ய வேண்டுமென்றால், எத்தனை அழகான தளமும் ஆறு மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கிவிடும். நான் இங்கே வாதிடுவது இவ்வளவுதான்: சிறு வியாபாரத்தின் தளத்துக்கு எந்த மென்பொருள் என்பது இரண்டாவது விஷயம். திருத்தும் உரிமையும் திருத்தும் வழியும் கடைக்காரர் கையில் இருக்கின்றனவா என்பதே முதலாவது.

உள்ளடக்க முகாமைத்துவ மென்பொருள், தொழிலில் நாங்கள் சொல்லும் சீ.எம்.எஸ்., பிறந்ததே இதற்காகத்தான். அதற்கு முன்பு ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் நிரல் தெரிந்த ஒருவர் கோப்பைத் திறந்து, திருத்தி, மறுபடி சேர்வரில் ஏற்ற வேண்டும். 2001இல் ட்ரூபல், 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ், 2005இல் ஜூம்லா என்று வந்த இலவச மென்பொருள்கள் எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைத்தன. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும்; தோற்றம் தீமில் இருக்கும்; கடவுச்சொல் உள்ளவர் எவரும் உள்ளே போய் எழுத்தை மட்டும் மாற்றலாம். இன்று உலகிலுள்ள தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுவதற்கு இந்த வசதியும், அது இலவசமாக இருப்பதுமே முக்கிய காரணங்கள். ஆனால் மலையகத்தில் ஓடும் பல வியாபாரத் தளங்களின் நிலை விசித்திரமானது. உள்ளே வேர்ட்பிரஸ் இருக்கும். கடைக்காரரிடம் கடவுச்சொல் இருக்காது. இருந்தாலும் உள்ளே போனால் எதைத் தொடுவதென்று தெரியாத அளவுக்குச் சிக்கலாக இருக்கும். பெயருக்கு சீ.எம்.எஸ்.; நடப்பில் பழைய கோப்பு முறைதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்பதை ஓர் அறை வாடகையை வைத்தே பார்க்கலாம். ஐந்து அறையுள்ள ஒரு விடுதியின் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஓடும் பெரிய படத்தில் விலை எழுத்தாகவே பதிந்திருக்கும். அது போட்டோஷொப்பில் செய்த படம், எழுத்தை மட்டும் மாற்ற வழியில்லை. அறைகள் பக்கத்தில் அதே விலை, பக்கத்தை இழுத்துப் போட்டு அமைக்கும் கருவியான பேஜ் பில்டரின் பெட்டி ஒன்றுக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தால் பக்கவாட்டில் நிறம், இடைவெளி, அசைவு என்று நாற்பது அமைப்புகள் வரிசை கட்டி நிற்கும். பக்கத்தின் அடியில் ஒருமுறை, தரவிறக்கம் செய்யும் பி.டி.எஃப். கையேட்டில் ஒருமுறை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி இருந்தால் இத்தனையும் மூன்றால் பெருகும்; பொலிலாங் போன்ற பிளகின்களில், அதாவது துணை மென்பொருள்களில், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தனிப் பக்கம். ஆக ஒரே விலை பத்துப் பன்னிரண்டு இடத்தில் கிடக்கிறது. ஏப்ரலில் அவசரத்தில் நாலு இடத்தில் மாற்றுவார்கள், மீதியில் டிசம்பர் விலை நிற்கும். சிங்களப் பக்கத்தைப் பார்த்து வந்தவர் ஒரு விலையும் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து வந்தவர் இன்னொரு விலையும் சொல்லி வரவேற்பு மேசையில் வாக்குவாதம் செய்தால், குற்றம் சொல்ல வேண்டியது விடுதிக்காரரை அல்ல. சரியான வழி பழையது, எளியது: அறைக்கென்று ஒரு பதிவு, அதில் பெயர், விலை, எத்தனை பேர், படம் என்று நாலு கட்டம். தளத்தில் விலை தெரியும் இடமெல்லாம் அந்தக் கட்டத்திலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். மாற்றுபவர் பார்ப்பது அந்த நாலு கட்டத்தை மட்டும். இதை அமைக்க எங்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் வேலை பிடிக்கும். அந்த ஒரு நாளைத் தவிர்ப்பதற்காகத்தான் பேஜ் பில்டரை வைத்து இழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஏன் தவிர்க்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் காசு கிடைப்பது தோற்றத்துக்கு. முதலாளிக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவது முகப்புப் பக்கத்தை. உள்ளே இருக்கும் டாஷ்போர்டை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. அதோடு, திருத்தம் எங்கள் வழியாகவே நடந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு தொகை கிடைக்கும், வாடிக்கையாளரும் வேறிடம் போகமாட்டார் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கின் உச்சம், தளத்தின் பெயரான டொமைனைத் தளம் செய்பவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தவர் தொழிலை விட்டுப் போனாலோ, வெளிநாடு போனாலோ, கடையின் பெயர் கடைக்காரருக்கு இல்லாமல் போகிறது. ஆகவே ஒப்படைப்பு என்றால் என்ன என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்: டொமைன் கடைக்காரர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும், ஹோஸ்டிங் கணக்கு அவருடையது, வேர்ட்பிரஸில் முழு நிர்வாகி உரிமை அவருக்கு, அன்றாடம் விலை மாற்றும் பிள்ளைக்கு எடிட்டர் உரிமை மட்டும். எடிட்டர் பக்கங்களை மாற்றலாம், ஆனால் பிளகினை ஏற்றவோ நீக்கவோ முடியாது. தவறிப்போய் பக்கத்தின் எழுத்தை அழித்தாலும் பழைய பிரதி ரிவிஷனில் இருக்கும். இந்தப் பாதுகாப்பெல்லாம் மென்பொருளிலேயே வருகிறது. கடைக்காரர் கெடுத்துவிடுவார் என்று சொல்லிக் கடவுச்சொல்லை வைத்துக்கொள்பவர், ஒன்று இதை அறியாதவர், அல்லது அறிந்தும் சொல்லாதவர்.

முதல் மறுப்பு எல்லோரும் சொல்வது: பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும் இருக்கும்போது தளம் எதற்கு? விலையை மாற்றுவது அங்கேதானே சுலபம்? சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுலபத்தைத் தளத்திலும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் வாதமே. ஆனால் இலங்கையில் இருந்துகொண்டு அவற்றை மட்டும் நம்ப முடியாது என்பதற்குச் சான்று கையிலேயே இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. பேஸ்புக் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மீண்டும் முடக்கம், மாத இறுதி வரை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பொருளாதார நெருக்கடிப் போராட்டத்தை ஒட்டி மறுபடியும், பல மணி நேரம். இவை போதாதென்று 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் தாமாகவே நின்றன. தளமும் தடைப்படலாம், உண்மைதான். ஆனால் ஒரு விடுதியின் தளத்தை முடக்க எந்த அரசாங்கத்துக்கும் தேவையில்லை. பிறர் கையில் உள்ள வழியை நம்பியிருப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல: ராகலைக்கு ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து குறும்பாதை ரயில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட பாதையை 1940களில் மூடினார்கள். மூடும் முடிவில் இந்த ஊர் வியாபாரிக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. பேஸ்புக் பக்கத்தில் மட்டும் கடை நடத்துபவரின் நிலையும் அதேதான். பேஸ்புக்கை விட வேண்டாம். அங்கே வருபவரைத் தன் தளத்துக்குக் கொண்டுவரும் வழியாக அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. விக்ஸ் போன்ற சேவைகளில் மாதக் கட்டணம் கட்டினால் அப்டேட், பாதுகாப்பு, ஹோஸ்டிங் எதையும் பார்க்க வேண்டியதில்லை. விடுதிக்காரருக்கு புக்கிங் டொட் கொம் ஆளையே கொண்டுவந்து தருகிறது. பிறகு எதற்கு இந்த வேர்ட்பிரஸ் தொல்லை? கையில் நேரமும் உதவியும் இல்லாதவருக்கு இது நல்ல வழி, நான் தடுக்கமாட்டேன். ஆனால் மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது; விலகினால் புதிதாகத்தான் கட்ட வேண்டும். புக்கிங் தளங்கள் பொதுவாக 15 சதவீதம் அளவில் கமிஷன் எடுக்கின்றன. ஒருமுறை தங்கிப்போனவர் மறுமுறை வரும்போதும் அந்த வழியாகவே வந்தால் மறுபடியும் கமிஷன். மூன்றாவது டொலர். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. டொலரில் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு தளத்தின் செலவும் எந்த மாற்றமும் செய்யாமலே ஒன்றே முக்கால் மடங்காகியது. இதில் வேர்ட்பிரஸ்காரர்களும் தப்பவில்லை. ஆண்டுக் கட்டணம் கேட்கும் தீமும் பிளகின்களும் அடுக்கியவர்கள் அதே அடியை வாங்கினார்கள். ஆகவே இதிலிருந்து நான் எடுக்கும் பாடம் வேர்ட்பிரஸ் நல்லது, விக்ஸ் கெட்டது என்பதல்ல. ரூபாவில் சம்பாதிக்கும் கடை, டொலரில் புதுப்பிக்க வேண்டிய பொருட்களை எண்ணிக் குறைத்துக்கொள்ள வேண்டும். டொட் எல்.கே. பெயர், ரூபாவில் பில் தரும் உள்ளூர் ஹோஸ்டிங், இலவசத் தீம், இலவச எஸ்.எஸ்.எல். சான்றிதழ் ஆகியவற்றோடு ஒரு சிறு தளம் தாராளமாக ஓடும்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. வேர்ட்பிரஸ் என்றாலே ஹேக் ஆகும், கையால் எழுதிய நாலு பக்கம் ஒருக்காலும் ஆகாது என்பார்கள். இதில் பாதி உண்மை. 2017 ஜனவரி 26ஆம் திகதி வெளியான 4.7.2 பதிப்பு, வெளியாள் எவரும் கடவுச்சொல் இல்லாமலே பக்கங்களை மாற்றக்கூடிய ஒரு ஓட்டையை அடைத்தது. சில நாளில் அந்த ஓட்டையின் விவரம் பகிரங்கமானதும், புதுப்பிக்காத தளங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. ஆனால் அதே சம்பவம் மற்றப் பாதியையும் காட்டுகிறது: 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே இத்தகைய சிறு பதிப்புகள் தாமாகவே ஏறும். அந்த வசதியை நிறுத்தி வைக்காதவர்கள் விவரம் வெளிவரும் முன்பே தப்பிவிட்டார்கள். வசதியை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் நாங்கள்தான், புதுப்பித்தால் வடிவம் உடையுமோ என்ற பயத்தில். வடிவம் உடைவதற்குக் காரணம் முப்பது பிளகின். பிளகின் குறைந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் புதுப்பிப்பு ஒழுங்காக நடக்கும். கையால் எழுதிய பக்கங்களைப் பொறுத்தவரை, விலையே போடாத, ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாத தளத்துக்கு அதுதான் சிறந்தது என்று நானும் சொல்வேன். முகவரி, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி மட்டும் போதுமான ஹாட்வெயார் கடைக்கு சீ.எம்.எஸ். வேண்டியதே இல்லை. மாறுகிற விஷயம் இருந்தால்தான் மாற்றும் கருவிக்கு வேலை.

நான்காவது மறுப்பைச் சொல்பவர்கள் கடைக்காரர்களே: எங்களுக்கு நேரமில்லை. அதை நான் நம்புகிறேன். அதனாலேயே மாற்ற வேண்டியவற்றை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும் என்கிறேன். புதிய செய்திகள் என்று ஒரு பகுதி வைத்து அதில் மூன்று வருடத்துக்கு முந்திய தைப்பொங்கல் வாழ்த்து மட்டும் கிடப்பதைவிட அந்தப் பகுதியே இல்லாமல் இருப்பது நல்லது. அந்த வாழ்த்தைப் பார்ப்பவர் கடை மூடிவிட்டது என்றுதான் நினைப்பார். மரக்கறி வியாபாரியிடம் தினவிலை போடச் சொல்லக் கூடாது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் விலை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. அவர் தளத்துக்குத் தேவை என்னென்ன மரக்கறி, எந்த அளவில், எந்த ஊர் வரை லொறி போகும் என்பவை, விலைக்குத் தொலைபேசி. விடுதிக்கு வருடத்தில் இரண்டோ மூன்றோ தடவை விலை மாற்றம், அவ்வளவுதான். போனில் எடுத்த படம் நாலைந்து எம்.பி. இருக்கும், 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்ஸலுக்கு மேற்பட்ட படத்தை வேர்ட்பிரஸே சுருக்கிக்கொள்கிறது என்பதால் அதற்கென்று தனியாக யாரையும் பழக்க வேண்டியதில்லை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது மாதத்தில் கால் மணி நேர வேலை. கணக்குப் புத்தகம் எழுதும் கடையில் அதற்கு நேரம் கிடைக்கும்.

மொழி விஷயத்தில்தான் எங்கள் தொழில் மிகவும் அசட்டையாக இருக்கிறது. வருபவர்கள் வெள்ளைக்காரர், ஆங்கிலம் போதும் என்பது வழக்கமான பதில். சீசனில் இந்த மலைக்கு வருபவர்களில் உள்நாட்டுக்காரர் எவ்வளவு பேர் என்பது ஏப்ரலில் நுவரெலியா வீதியில் நின்றாலே தெரியும். கொழும்பில் வேலை செய்துகொண்டு ஊரில் பெற்றோருக்காக உரமோ டியூட்டரி இடமோ தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் வேண்டும். ஆனால் தமிழைப் போடும்போது வரும் தடைகளை அமைப்பவரே தீர்த்துக் கொடுக்க வேண்டும். அச்சகத்திலிருந்து வரும் எழுத்து இன்னும் பாமினியில்தான் வருகிறது. பாமினி ஒரு எழுத்துருத் தந்திரம்: உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து, 'ம' என்பது அங்கே 'கே', புள்ளி என்பது அரைப்புள்ளி. தளத்தில் ஒட்டினால் குழப்பமான ஆங்கிலமாகத் தெரியும். பாமினி எழுத்துருவை ஏற்றிச் சமாளித்தாலும் கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. யுனிகோடாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அடுத்தது முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் பக்கத்தின் முகவரியையும் அதிலிருந்தே எடுக்கும். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்தாக விரியும். அந்த இடத்துக்கு மென்பொருள் ஒதுக்குவது 200 எழுத்து. இருபத்திரண்டு குறியீட்டோடு தலைப்பு நடுவில் வெட்டுப்படும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளின் சங்கிலி ஒன்று போய்ச் சேரும். முகவரியை மட்டும் சிறிய ஆங்கில எழுத்தில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்துக்கென்று அளந்த பட்டனில் 'முன்பதிவு செய்யுங்கள்' இரண்டு வரியாக மடியும். அதையும் போனில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இவை கடைக்காரர் அறிய வேண்டியவை அல்ல. அவர் தடுமாறாமல் திருத்த வேண்டுமானால் நாங்கள் அறிந்திருக்க வேண்டியவை.

விற்பனை விஷயத்திலும் குறைவாக வைப்பதே புத்தி. தேயிலைப் பிரதேசம் என்பதால் தளம் என்றதும் தேயிலைப் பைக்கற்றை உலகத்துக்கு விற்கலாம் என்ற ஆசை வருகிறது. 2011இல் வந்த வூகொமர்ஸ் பிளகினைப் போட்டால் ஒரு பின்னேரத்துக்குள் கடை தயாராகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் உடப்புசல்லாவை பெயரெடுத்த தேயிலைப் பிரதேசம் என்பதால் மட்டும் ராகலைக் கடைக்காரர் ஏற்றுமதியாளர் ஆகிவிடமாட்டார். தேயிலையை ஏற்றுமதி செய்ய இலங்கைத் தேயிலைச் சபையில் பதிவு வேண்டும். நெடுங்காலமாக இங்குள்ளவர்கள் பேபாலில் பணம் அனுப்ப முடிந்ததே தவிர, பெற முடிந்ததில்லை. உள்ளூர் அட்டைக் கட்டணச் சேவைகள் உண்டு, அவற்றுக்கும் வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் தேவை. பெரும்பாலான கடைகளுக்கு ஒரு விசாரணைப் படிவம் போதும். அதிலும் தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாங்கும் தகவலுக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. அறை கேட்பவரிடம் அடையாள அட்டை இலக்கம் வாங்கி வைப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

கடைசியாக, வேர்ட்பிரஸும் யாரோ ஒருவருடையதுதானே என்று கேட்கலாம். 2024 செப்டெம்பரில் அதன் இணை நிறுவுனர் மெட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் சண்டை மூண்டபோது, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு அப்டேட் வரும் வழியே சில நாள் அடைபட்டது. நியாயமான கவலை. ஆனால் அந்த நாட்களில் யாருடைய தளமும் மறையவில்லை. மென்பொருள் திறந்த உரிமத்தில் இருப்பதால் ஏற்கெனவே ஏறியதைத் திருப்பி வாங்க எவராலும் முடியாது. ஒரு வேர்ட்பிரஸ் தளம் என்பது ஒரு தரவுத்தளமும் ஒரு கோப்புறையும். அந்த இரண்டின் பிரதியை மாதம் ஒருமுறை கடைக்காரரின் சொந்தக் கணினியிலோ டிரைவிலோ எடுத்து வைத்தால், எந்த நிறுவனத்தோடும் வழக்காட வேண்டியதில்லை.

ஆகவே நான் முதலாளிமாருக்குச் சொல்வது ஒரு நிபந்தனை. கடைசித் தவணையைத் தளம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கொடுக்காதீர்கள். செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் போனில், உங்கள் கடவுச்சொல்லோடு உள்ளே போய், ஓர் அறையின் விலையை நீங்களே மாற்றுங்கள். மூன்று மொழிப் பக்கத்திலும் புது விலை வந்ததா என்று பாருங்கள். பழைய விலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு, அதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவும் நடந்தால் காசைக் கொடுங்கள். நடக்காவிட்டால் வேலை இன்னும் முடியவில்லை. அப்படிச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எங்கள் தொழிலுக்கும் அது நல்லதுதான். தானே திருத்தத் தெரிந்த வாடிக்கையாளர் விலை மாற்ற எங்களைக் கூப்பிடமாட்டார். வியாபாரம் வளர்ந்து அடுத்த வேலை வரும்போது கூப்பிடுவார்.